வில்லும் விற்றலும்

சென்ற பருவத்தில் நாம் பணியாற்றும் கல்லூரியில் மாணவர்களுக்கென ஒரு சேமிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. முதலீட்டு ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். நல்ல பேச்சாளர். கூட்டுவட்டியின் மகிமையை விளக்க அவர் ஒரு கதை சொன்னார். 1626-இல் செவ்விந்தியர்கள் மன்ஹாட்டன் தீவை வெறும் 24 டாலருக்கு டச்சுக்காரர்களிடம் விற்றுவிட்டார்களாம். எல்லாரும் அவர்களை ஏமாளிகள் என்கிறார்களாம். ஆனால் அந்த 24 டாலரை எட்டு விழுக்காடு கூட்டுவட்டியில் போட்டு வைத்திருந்தால் இன்று மன்ஹாட்டன் முழுவதையும் கட்டடங்களோடு திரும்ப வாங்கிவிட்டு மிச்சப் பணத்தையும் கையில் வைத்திருக்கலாமாம். அரங்கம் சிரித்தது. இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கதை நமக்குப் பழைய பழக்கம். நான்காம் வேற்றுமை நடத்தும்போது, ‘இருபத்துநான்கு டாலருக்கு விற்றான்’ என்பதில் வரும் ‘கு’ உருபு என்ன பொருளில் வந்தது என்று கேட்டு, கூடவே இந்தக் கதையையும் சொல்லி வகுப்பைத் தூங்காமல் வைத்திருந்த ஆண்டுகள் பல. தமிழில் தன்னம்பிக்கை நூல்களும் பங்குச்சந்தைத் தொடர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நமக்குக் கொடுத்திருக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையின் சினம் பிறர் மேல் மட்டும் பாய்வது என்று வாசக நண்பர்கள் கருதிவிட வேண்டாம்.

முதலில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1626-இல் அந்தப் பணத்தை எங்கே போடுவது? ஆம்ஸ்டர்டாம் பரிமாற்று வங்கி 1609-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் அது வைப்புத்தொகைக்கு வட்டி கொடுத்ததில்லை. சரி, தீவை வாங்கியதாகச் சொல்லப்படும் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் பங்குகளிலேயே போட்டிருக்கலாமே என்றால், 1621-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி 1674-இல் கலைக்கப்பட்டது. முதலும் போயிருக்கும். இந்த எட்டு விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று நம் ஆலோசகரைக் கேட்கத்தான் வேண்டும். இருக்கட்டும். கணக்குப் பிழையைத் திருத்த இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ‘விற்றுவிட்டார்கள்’ என்ற அந்த ஒற்றைச் சொல்தான் நம்மை உறுத்துகிறது.

*

இந்த விற்பனைக்கு ஆதாரமாக உலகம் முழுவதற்கும் இருப்பது ஒரே ஒரு கடிதம். 1626 நவம்பர் 5-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பீட்டர் ஸ்காகன் என்பவர் டச்சு அரசுப் பேரவைக்கு எழுதியது. ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. புதிய நெதர்லாந்திலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கும் கடிதம் அது. அங்குள்ள நம்மவர் மனத்தெம்போடு இருக்கிறார்கள், பெண்கள் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், காட்டுமனிதரிடமிருந்து மன்ஹாட்டன் தீவை 60 கில்டர் மதிப்புக்கு வாங்கியிருக்கிறார்கள், அது 11,000 மோர்கன் பரப்புடையது என்கிறது. அதற்குப் பின் அறுவடையான தானியங்களின் மாதிரிகள். பின்னர் கப்பலில் வந்த தோல்களின் பட்டியல்: பீவர் தோல் மட்டும் 7,246.

அவ்வளவுதான். விற்றவர் யார், எந்தக் குலத்தார், எத்தனை பேர் சேர்ந்து ஒப்பினர், எந்த மொழியில் பேசினர், யார் மொழிபெயர்த்தார், என்ன சொல்லி ஒப்பினர் என்று ஒரு சொல்கூட இல்லை. விற்பனைப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. வாங்கியது பீட்டர் மினுயிட் என்பதும் இந்தக் கடிதத்தில் இல்லை; அது பிற்காலத்தார் கூட்டிச் சேர்த்தது. கதையில் வரும் பாசிமணி மாலைகள் 19-ஆம் நூற்றாண்டில் முளைத்தவை. 24 டாலரும் அந்த நூற்றாண்டினதே: 1840-களில் நியூயார்க் மாநிலத்துக்காக டச்சு ஆவணங்களைப் படியெடுக்கச் சென்ற பிராட்ஹெட் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த பின், 60 கில்டரை அன்றைய மாற்று மதிப்பில் கணக்கிட்டுப் போட்டது. அந்த எண் அதற்குப் பிறகு அசையவே இல்லை. டாலர் எத்தனையோ முறை மதிப்பிழந்தும் கதையில் மட்டும் 24 டாலர் 24 டாலராகவே நிற்கிறது. கதைகளின் பொருளாதாரம் தனி.

வாங்கியவன் தன் தலைமைக்கு அனுப்பிய சரக்குச் செய்தியில் நடுவே வரும் ஒரு வாக்கியம் இது. கொடுத்தவர் தரப்பில் ஓர் எழுத்தும் இல்லை. நம் ஊர் நீதிமன்றத்தில் வரப்புத் தகராறுக்குக்கூட இந்தச் சான்றை வைத்துக்கொண்டு ஒருவன் வழக்காட முடியாது. உலகின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றைப் பற்றிய பேச்சு என்றவுடன் நமக்கு அது போதுமானதாகிவிடுகிறது.

*

மன்ஹாட்டன் என்ற பெயர் அந்நிலத்துக்குரிய லெனாபே மக்களின் முன்சி மொழியில் வில் செய்வதற்கான மரம் எடுக்குமிடம் என்று பொருள்படுவது என மொழியியலாளர் ஐவ்ஸ் கோடார்ட் காட்டியிருக்கிறார். தமிழாசிரியனுக்கு இங்கே ஒரு கணம் நிற்கத் தோன்றும். நம் மொழியில் ‘வில்’ பெயராகவும் நிற்கும், வினைப்பகுதியாகவும் நிற்கும். பெயரானால் அம்பு எய்யும் வில். வினையானால் விலைக்குக் கொடுத்தல். வில்லுக்கு மரம் எடுத்த இடம் விற்ற இடமாகிப் போனது மன்ஹாட்டனின் முழு வரலாறு. (சொல்விளையாட்டு என்று நண்பர்கள் சிரிக்கலாம். அந்த வாணிபக் கதையை விட இது ஒன்றும் பெரிய விளையாட்டல்ல.)

மரம் எடுக்க ஓரிடத்துக்குப் போகிறவனுக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு? அவன் அங்கே மரம் எடுப்பான், மற்றவனும் எடுப்பான், பருவம் மாறினால் இருவரும் வேறிடம் போவார்கள். புதிய நெதர்லாந்தில் வாழ்ந்து அதைப் பற்றி 1655-இல் நூல் எழுதிய அட்ரியான் வான் டெர் டொங்க் என்ற டச்சு வழக்கறிஞரே, காற்றும் ஓடையும் காடும் கரையும் தம்மோடு பகையில்லாத எவருக்கும் திறந்தவை என்பது அம்மக்களின் எண்ணம் என்று குறித்திருக்கிறார். அவர்கள் கொடுத்தது இருப்பதற்கும் பயன்படுத்துவதற்குமான இசைவு; பெற்றுக்கொண்ட பொருள்கள் அந்த உறவின் அடையாளம். ஐரோப்பியர் எடுத்துக்கொண்டதோ சந்திர சூரியர் உள்ளவரைக்குமான கிரயம்.

இதற்குச் சான்று ஸ்டேட்டன் தீவு. 1630-இல் அதை டச்சுக்காரர் வாங்கினார்கள். 1657-இல் மீண்டும் வாங்கினார்கள். 1670-இல் ஆங்கிலேய ஆளுநர் மூன்றாம் முறை வாங்கினார். ஒரே நிலத்தை மூன்று முறை விற்ற கெட்டிக்காரத்தனம் என்று இதையும் நகைச்சுவையாக்கியவர்கள் உண்டு. ‘ஏமாந்த இந்தியன்’ கதைக்கும் ‘ஏமாற்றிய இந்தியன்’ கதைக்கும் சிரிப்பவர் ஒருவரே. ஒரு தீவு நாற்பது ஆண்டுகளில் மூன்று முறை ‘விற்கப்பட்டது’ என்றால், முதல் இரு முறையும் நடந்தது விற்பனைதானா என்று ஐயுறுவதுதான் வரலாற்று அறிவுடையவன் செய்ய வேண்டியது. நம் ஊரில் 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் பிரான்சிஸ் டேக்குக் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்த செய்தி நமக்கெல்லாம் தெரியும். நாயக்கர் சென்னையை இத்தனை வராகனுக்கு விற்றுவிட்டார் என்று எந்தத் தன்னம்பிக்கை நூலாவது எழுதியிருக்கிறதா? நம் நாயக்கர் கொடுத்தால் சாசனம். அவர்கள் கொடுத்தால் விற்பனை.

இங்கே நம் முற்போக்கு நண்பர்களோடும் ஒரு வழக்கு உண்டு. நம் சினத்தைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே, ‘ஆமாம், மண்ணைத் தாயென நினைத்த அப்பாவிகள், வாணிபமே அறியாதவர்கள்’ என்று உருகத் தொடங்கினார். இந்த உருக்கமும் வேண்டாம். அவர்கள் வாணிபம் அறியாதவர்கள் என்றால் ஒரே கப்பலில் 7,246 பீவர் தோல்கள் எங்கிருந்து வந்தன? டச்சுக்காரர் வேட்டையாடியவை அல்ல. உள்நாட்டு மக்கள் வேட்டையாடி, பெண்கள் பதப்படுத்தி, ஓடங்களில் கொண்டுவந்து, விலை பேசிக் கொடுத்தவை. கடற்கரை மக்கள் சங்குகளையும் கிளிஞ்சல்களையும் அறுத்துத் துளையிட்டுச் செய்த செவான்ட் மணிகள் அந்தக் குடியேற்றத்தின் நாணயமாகவே புழங்கின. டச்சுக்காரன் டச்சுக்காரனுக்குக் கூலி கொடுத்ததும் அதில்தான். மோஹாக் மக்கள் 1620-களில் மஹிகன்களோடு போரிட்டு அவர்களை ஹட்சன் ஆற்றின் கிழக்கே தள்ளி, ஆரஞ்சுக் கோட்டையின் வாணிபத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். அந்தப் போரில் கம்பெனி ஆணையை மீறி மஹிகன்கள் பக்கம் போன கோட்டைத் தலைவன் வான் கிரீக்கன்பேக் 1626-இல் தன் ஆட்கள் சிலரோடு கொல்லப்பட்டான். கம்பெனி என்ன செய்தது? மோஹாக்குகளிடம் தூது அனுப்பிச் சமாதானம் பேசியது. தோல் வர வேண்டுமே.

ஆக, மக்கள் அப்பாவிகளும் அல்லர், ஏமாளிகளும் அல்லர். தமக்கு ஆதாயமானதைத் தேர்ந்து பேரம் பேசிய அரசியல் சமூகங்கள். அவர்களைக் குழந்தைகளாக்கினால்தான் நமக்குச் சிரிக்கவோ அழவோ முடிகிறது என்பது நம் குறை.

*

வாணிபக் குடியேற்றம் என்ற சொல்லுக்கு நம் பாடநூல்களில் ஒரு மென்மை உண்டு. ஸ்பானியர் வாளோடு வந்தார்கள், டச்சுக்காரர் தராசோடு வந்தார்கள் என்பது போல. 1610-இலிருந்து பழவேற்காட்டில் தராசு வைத்திருந்தவர்களை நாம் அறிவோம். 1609-இல் ஹென்றி ஹட்சனை அந்த ஆற்றுக்குள் கொண்டுசேர்த்த பயணமும் அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில் நடந்ததே. அங்கே தராசு வேலை செய்த வரையில் உறவு ஒருவாறு நடந்தது உண்மை. தோலுக்கு ஆள் வேண்டும். ஆளைக் கொன்றால் தோல் இல்லை. அந்த மென்மையின் பொருளாதாரம் இவ்வளவே.

தோல் மட்டும் போதாது என்றானபோது நிலைமை மாறியது. குடியேற்றம் எதிர்பார்த்த ஆதாயம் தரவில்லை. 1639-இல் கம்பெனி தோல் வாணிபத்தின் மீதிருந்த தன் தனியுரிமையைக் கைவிட்டு, யாரும் வந்து நிலம் பெற்றுப் பயிரிடலாம் என்று கதவைத் திறந்தது. குடிகள் வந்தனர். கூடவே அவர்களின் மாடுகளும் பன்றிகளும் வந்தன. ஐரோப்பியர் கால்நடைகளைக் காட்டில் மேயவிட்டனர். லெனாபே பெண்களின் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு வேலி கிடையாது. மாடு பயிரைத் தின்றது. அம்பு பட்டு மாடு செத்தது. மாட்டுக்கு இழப்பீடு கேட்கப்பட்டது. பயிருக்கு? ‘விற்ற’ நிலத்தில் இவர்கள் இன்னும் பயிரிடுவதே குற்றம் என்பது குடியேறியவனின் வாதம். பத்திரத்தின் பொருள் இரு தரப்புக்கும் வெவ்வேறு என்பது அன்றுதான் வெளியாயிற்று, மாட்டின் வாயில்.

அதே 1639-இல் கம்பெனியின் ஆளுநர் வில்லெம் கீஃப்ட் சுற்றியிருந்த குலங்களுக்குச் சோளமாகவும் தோலாகவும் செவான்டாகவும் வரி விதித்தான். கோட்டை கட்டிப் படை வைத்து உங்களையும் பாதுகாக்கிறோம், அந்தச் செலவுக்கு என்பது காரணம். இதற்கு டப்பான் குலத்தார் சொன்ன மறுமொழியை டேவிட் டி வ்ரீஸ் என்ற நிலக்கிழார் தம் பயணக்குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்தத் தலைவர் அற்ப மனிதராக இருக்க வேண்டும், அவரை இங்கே வந்து குடியேறும்படி நாங்கள் அழைக்கவில்லையே என்பது அதன் சாரம். விற்றுவிட்டுப் போனவர்கள் பேசும் பேச்சா இது? விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரனிடம் வாடகை கேட்டால் வரும் பேச்சு.

*

இனி அந்த 1626-க்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

மன்ஹாட்டனில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெக்வாஸ்கீக் குலத்தைச் சேர்ந்த ஒருவர் பீவர் தோல்களை விற்கக் கொண்டுவந்தார். உடன் அவருடைய மருமகன், சிறுவன். வழியில் குடியேற்றத்தின் ஆட்கள் சிலர் மறித்து, தோல்களைப் பறித்துக்கொண்டு, அவரைக் கொன்றனர். சிறுவன் தப்பினான். இந்தக் கொலைக்கு விசாரணை நடக்கவில்லை, தண்டனை இல்லை, ஸ்காகன் கடிதத்தில் வந்த தோல்களின் எண்ணிக்கை துல்லியமாக இருப்பதைப் போல இந்தத் தோல்களை எண்ணியவர் எவருமில்லை.

சிறுவன் வளர்ந்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1641-இல், கிளாஸ் ஸ்விட்ஸ் என்ற முதிய வண்டிச்சக்கரத் தச்சரின் வீட்டுக்குப் போனான். தோல் கொடுத்துத் துணி வாங்க வந்தவனாகப் பேசினான். முதியவர் துணி எடுக்கப் பெட்டிக்குள் குனிந்தபோது கோடரியால் வெட்டிக் கொன்றான். ஸ்விட்ஸுக்கும் பழைய கொலைக்கும் தொடர்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுமைதான். அதை மழுப்ப நமக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் விற்கப் போனபோது பறிகொடுத்ததை அவன் தோல் விற்கப் போவதுபோலப் போய்த் திருப்பி எடுத்தான். 24 டாலருக்குக் கூட்டுவட்டி போடும் நம்மவர்களின் கணக்கில் இந்தப் பதினைந்து ஆண்டு வட்டி சேர்வதில்லை.

கீஃப்ட் கொலையாளியைக் கேட்டான். குலத்தார் ஒப்படைக்கவில்லை. போர் தொடுக்க விரும்பிய அவன் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளக் குடிகளிடமிருந்து பன்னிருவர் குழுவை அமைத்தான். டி வ்ரீஸ் அதன் தலைவர். அந்தக் குழு காலம் தாழ்த்தச் சொன்னது. போதாததற்கு ஆட்சியில் சீர்திருத்தமும் கேட்டது. 1642-இல் குழுவைக் கலைத்தான்.

1643 பிப்ரவரி. வடக்கிலிருந்து துப்பாக்கி ஏந்திய எதிரிகள் தாக்கியதால் நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பனியில் தெற்கே ஓடிவந்தனர். எங்கே? டச்சுக்காரர்களிடம். ஆற்றுக்கு அக்கரையில் பவோனியாவிலும், இக்கரையில் மன்ஹாட்டனின் கோர்லேயர் முனையிலும் தங்கினர். பாதுகாப்பதாகச் சொல்லித்தானே வரி கேட்டான்? பாதுகாப்புத் தேடி வந்தார்கள்.

பிப்ரவரி 25-ஆம் நாள் இரவு கீஃப்டின் படையாட்கள் இரண்டு இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கலைக்கப்பட்ட பன்னிருவரில் மூவர் அனைவரின் பெயராலும் கையெழுத்திட்டுத் தந்த விண்ணப்பம் ஒன்று அவனிடம் இருந்தது. (எந்தக் கொலைக்கும் ஒரு விண்ணப்பம் இருந்துவிடுகிறது.) டி வ்ரீஸ் தடுக்கப் பார்த்துத் தோற்றார். ஆளுநர் வீட்டு அடுக்களையில் தீக்கு அருகே உட்கார்ந்திருந்ததாகவும், நள்ளிரவில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓலம் கேட்டதாகவும் எழுதுகிறார். பவோனியாவில் எண்பது பேர், கோர்லேயர் முனையில் நாற்பது பேர், உறங்கியபோது கொல்லப்பட்டனர். குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அதை இங்கே எடுத்து எழுத நமக்குக் கை வரவில்லை.

அவர் குறித்திருக்கும் வேறொன்றைச் சொல்கிறோம். அந்த இரவில் அவருக்குத் தெரிந்த ஒரு கணவனும் மனைவியும் பவோனியாவிலிருந்து சிறு ஓடத்தில் தப்பி அவரிடம் வந்தனர். வடக்கத்திய எதிரிகள் தாக்கிவிட்டார்கள், கோட்டைக்குள் ஒளிந்துகொள்ள வந்தோம் என்றனர். கொல்பவர்கள் டச்சுக்காரர்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோட்டை உங்களுக்குப் பாதுகாப்பான இடமன்று, இதைச் செய்வது எதிரிகளல்லர், எங்களவர்தாம் என்று சொல்லி, வாயிலில் காவல் இல்லாத நேரம் பார்த்து அவர்களைக் காட்டுப்பக்கம் அனுப்பிவைத்தார். விடிந்ததும் திரும்பிய படையாட்களை ஆளுநன் கைகுலுக்கி வரவேற்றான்.

அந்தக் கணவனும் மனைவியும் எதை நம்பிக் கோட்டைக்கு ஓடிவந்தனர் என்பதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். பதினேழு ஆண்டுகளுக்கு முன் 60 கில்டருக்குப் பொருள் வாங்கிக்கொண்டு இருக்க இடம் கொடுத்த உறவை நம்பித்தான் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர்கள் புரிந்துகொண்ட ஒப்பந்தம் அதுதான். ஆபத்தில் ஓடிவந்தால் கதவு திறக்கும்.

*

டி வ்ரீஸை நாம் புனிதராக்கவில்லை. அவரும் நிலம் பெற்று ஆதாயம் பார்க்க வந்தவரே. ஸ்டேட்டன் தீவில் அவருடைய பண்ணையாட்கள் நால்வர் 1641-இல் ராரிடன் குலத்தாரால் கொல்லப்பட்டிருந்தனர். அதற்கும் முந்திய ஆண்டு, பன்றி திருடியதாக ராரிடன்கள் மேல் பழி போட்டு கீஃப்ட் படை அனுப்பியதே காரணம், பன்றிகளைத் திருடியவர்கள் கம்பெனி ஆட்களே என்று அவர் தம் இழப்பின் நடுவிலும் எழுதினார். நம் கூட்டத்தில் பேசிய ஆலோசகருக்கு வாய்த்த சான்றுகளை விட டி வ்ரீஸுக்கு வாய்த்த சான்றுகள் அதிகம் என்பது மட்டுமே நாம் சொல்ல வருவது.

கீஃப்ட் ஒருவன் கெட்டவன், நல்ல ஆளுநர் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திராது என்று எழுதும் வரலாற்றாசிரியர் இருக்கின்றனர். கம்பெனியும் அப்படியே கருதியது. அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1647-இல் ஊர் திரும்பும் வழியில் வேல்ஸ் கரையருகே கப்பல் உடைந்து செத்தான். கதைக்கு ஏற்ற முடிவு. ஆனால் 1644-இல் பனிக்கால இரவில் ஓர் ஊரையே சுற்றி வளைத்துத் தீயிட்டு ஐந்நூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் மக்களைக் கொன்ற படையை நடத்தியவன் கீஃப்ட் அல்லன். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜான் அண்டர்ஹில் என்ற ஆங்கிலேயன். 1645 ஆகஸ்டில் சமாதானம் ஆயிற்று. கீஃப்டுக்குப் பின் வந்த ஸ்டைவசன்ட் ஒழுக்கமான நிர்வாகி என்று பெயர் பெற்றவர். அவர் காலத்தில்தான் எசோபஸ் மக்களோடு இரண்டு போர்கள் நடந்தன. 1660-இல் சிறைப்பிடித்தவர்களைக் கரீபியக் கடலின் குரசாவோ தீவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார். ஆளுநர் மாறினார். மாடுகளும் வேலியும் நிலப்பத்திரமும் மாறவில்லை. 1664-இல் கொடியே மாறி ஆங்கிலேயர் வந்தனர், அப்போதும் மாறவில்லை.

கொடியைப் பற்றிப் பேசும்போது ஒன்று. மன்ஹாட்டனின் தென்முனையிலுள்ள பேட்டரி பூங்காவில் ஒரு கொடிக்கம்ப மேடை இருக்கிறது. ‘விற்பனை’யின் முந்நூறாம் ஆண்டான 1926-இல் டச்சு மக்கள் அன்பளிப்பாகத் தந்தது. அதில் ஒரு டச்சுக்காரரும் ஓர் இந்தியரும் எதிரெதிர் நிற்கும் புடைப்புச் சிற்பம். பொருள் கைமாறும் காட்சி. கோர்லேயர் முனை அங்கிருந்து நடந்தே போய்விடும் தொலைவு.

*

லெனாபே மக்கள் அழிந்துவிடவில்லை. பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா, மிசூரி, கான்சாஸ் என்று ஒவ்வோர் இடமாகத் தள்ளப்பட்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டு, இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கின்றனர். மன்ஹாட்டன் என்ற சொல்லுக்குப் பொருள் தந்த முன்சி மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஒன்டாரியோவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப் போனாலும், இளையவர்கள் வகுப்பு வைத்து அதைக் கற்கின்றனர். மொழிக்காக உயிர் கொடுத்ததாகப் பெருமை பேசும் ஓரினத்தின் கல்லூரியில், இன்னொரு மொழிக்காரர் நிலமிழந்ததைச் சொல்லி வட்டிக்கணக்குப் படிக்கிறோம்.

‘இதெல்லாம் சரி ஐயா, பிள்ளைகளுக்குச் சேமிக்கச் சொல்ல ஒரு கதை, அதில் போய் இவ்வளவு தேட வேண்டுமா?’ என்று கேட்டார் வணிகவியல் துறை நண்பர். சேமிப்பைச் சொல்லக் கதைக்கா பஞ்சம்? எறும்பு இருக்கிறது, சிட்டுக்குருவி இருக்கிறது, நம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியில் முடிந்துவைத்த காசு இருக்கிறது. அத்தனையும் இருக்க, கொள்ளை போன வீட்டுக்காரனிடம் போய் ‘கொள்ளைக்காரன் விட்டெறிந்த சில்லறையை நீ சரியாக முதலீடு செய்யவில்லை’ என்று பாடம் நடத்தும் கதைதான் வேண்டுமா? அந்தச் சிரிப்பு நம் மாணவர்களுக்குக் கற்றுத் தருவது சேமிப்பையன்று. நிலத்தை இழந்தவன் தன் அறியாமையால்தான் இழந்தான் என்ற நினைப்பை. நம் வகுப்புகளில் அணைக்கும் சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் அன்று சிரித்தார்கள்.

நான்காம் வேற்றுமைக்கு நாம் வேறு எடுத்துக்காட்டு வைத்துக்கொண்டோம். இந்தப் பருவத்துக்கான சேமிப்புக் கூட்டத்தின் அழைப்பிதழ் நேற்று மேசைக்கு வந்தது. பேச்சாளர் அதே நண்பர்தாம். ஸ்காகன் கடிதத்தின் தமிழாக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டோம். டி வ்ரீஸின் குறிப்பில் அந்த ஓடத்தில் வந்த இருவர் பற்றிய பகுதி மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் வியாழனுக்குள் முடித்து அவருக்கு அனுப்பிவிட எண்ணம்.